வரிக்கு வரி அவன் பெயர்

வீட்டைக் கூட்டிப் பெருக்கியவனைப் பிடித்து, சுவரில் விரிசல் விட்டதற்கு நீதான் காரணம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? எங்கள் அலுவலகத்தில் அதைத்தான் சொன்னார்கள். சொன்னவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை, எல்லாம் தெரிந்தவர்.

அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. மொத்தம் ஏழு பேர். தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். பெல்ட்டில் பிஸ்கட் ஓடும்போது மேலே ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்; உடைந்தது, கருகியது எது என்று எங்கள் நிரல் கண்டுபிடித்துத் தள்ளிவிடும். நான் பல வருடமாகக் கிள்ளானிலிருந்து இந்த வேலைக்கு வந்துபோகிறவள்.

அந்த நிரலில் ஒரு கோப்பு இருந்தது. மென்பொருளைத் திறந்ததும் முதலில் ஓடுவது அதுதான். கணினியின் ப்ராசசரிடம் போய், உனக்கு இந்த வேகக் கணக்குத் தெரியுமா, அது தெரியுமா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும். தெரியும் என்றால் வேகமான வழியில் போகும், தெரியாது என்றால் சாதாரண வழியில் போகும். எங்கள் மேலாளர் தானே உட்கார்ந்து நிரல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது. எழுதினாரா, அள்ளிக் கொட்டினாரா என்று கேட்கத் தோன்றும். ஒரு வரி இடது ஓரத்தில் நிற்கும், அடுத்தது திரையின் நடுவில் நிற்கும். அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். ஓடுகிறதே, கையை வைப்பானேன் என்று எல்லோரும் ஒதுங்கிப் போனோம்.

ஒதுங்காமல் போனது என் புத்தி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை அனுமதி பாஸில் வந்து மூன்று வருடமாக எங்களோடு இருக்கும் ஒரு தம்பி, அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தம்பி, இந்த ஃபைலைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிடு லா. வரிசை, இடைவெளி மட்டும்தான். கணக்குல கை வைக்காத."

"சரிக்கா. ஒரு எழுத்து மாறாது, பாத்துக்கிடுங்க."

இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தான். ப்ராசசரின் பதில் ஒரே ஒரு நீளமான எண்ணாக வரும். அதில் எந்த இடத்தில் ஒன்று இருந்தால் எந்தத் திறமை உண்டு என்று பார்ப்பதுதான் வேலை. அந்த இடங்களையெல்லாம் நெடுக ஒரே கோட்டில் நிறுத்தியிருந்தான். முதல்முறையாக அந்தக் கோப்பைப் படிக்க முடிந்தது. நான்தான் சரிபார்த்து உள்ளே ஏற்றினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் ஏற்பாட்டில், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் வரும். எழுதியவர் பெயர் இல்லை, கடைசியாகத் தொட்டவர் பெயர். ஓர் இடைவெளியை நகர்த்தினாலும் போதும். ஆக, அந்தக் கோப்பின் முந்நூறு வரிக்கும் அன்றிலிருந்து அவன் பெயர்தான். இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், எங்கள் மேலாளருக்கும் தெரியும்.

மூன்று வாரம் போனது. மேருவில் இருக்கும் பிஸ்கட் தொழிற்சாலையில் ஒரு கணினி செத்துப்போக, ஸ்டோரில் கிடந்த பழைய கணினி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து எங்கள் மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். திறந்தவுடனே மென்பொருள் முடங்கி விழுந்துவிட்டது. எத்தனை முறை திறந்தாலும் அதே கதிதான். பாதி நாள் பெல்ட் நின்றது. தொழிற்சாலைக்காரர்கள் எங்கள் மேலாளருக்குப் போன் போட்டுக் கிழித்துவிட்டார்கள். பிழை அந்தக் கோப்பில்தான் என்று தெரிந்ததும் அவர் அதைத் திறந்தார். வரிக்கு வரி தம்பியின் பெயர்.

எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார். தம்பி எழுந்து நின்றான். நான் குறுக்கே பேசினேன்.

"பாஸ், அவன் இடைவெளிதான் மாத்தினான். நான்தான் செய்யச் சொன்னேன், நான்தான் செக் பண்ணேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது லா. லைன்ல யாரு பேரு இருக்கு? அத மட்டும் சொல்லு."

அதோடு விட்டாரா? கணக்கு, ஆள் விவகாரம் எல்லாம் பார்க்கும் அக்காவைத் திரும்பிப் பார்த்து, "இவனோட ரினியூவல் லெட்டரை இப்ப அனுப்ப வேணாம்" என்றார்.

தம்பியின் பாஸ் முடிய ஆறு வாரம் இருந்தது. அதைப் புதுப்பிக்கக் கம்பெனி கடிதம் போகாவிட்டால் அவன் ஊருக்குப் போக வேண்டும், அவன் பாஸை ஒட்டி இங்கே இருக்கும் மனைவியும் போக வேண்டும். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஆறு வாரம் கழித்து எந்த விமானத்தில் ஏற்றுவார்கள்? கிள்ளானில் டாக்டர் பார்த்து, பிரசவத்துக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். இதெல்லாம் மேலாளருக்குத் தெரியாதா? வளைகாப்புக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போன மனுஷன்தானே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் காலை நானும் தம்பியும் மேருவுக்குப் போனோம். அந்தப் பழைய கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம். ப்ராசசரிடம் கேட்கும் கேள்விகளுக்கு எண் உண்டு. ஏழாவது கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், உனக்கு எத்தனை கேள்வி வரை பதில் தெரியும் என்று கேட்க வேண்டும். அதுதான் முறை. கேட்காமல் விட்டால், பழைய ப்ராசசர் தெரியாது என்று சொல்லாது. தனக்குத் தெரிந்த கடைசிக் கேள்வியின் பதிலை எடுத்து நீட்டிவிடும். நிரலும் அதை நம்பி, தெரியாத கணக்கைச் செய்யச் சொல்லும். உடனே விழும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டவர் யார்? முதலில் எழுதியவர். புதுக் கணினிகளில் இத்தனை வருடம் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகத்துக்கு வந்ததும் ஒழுங்கு செய்வதற்கு முந்திய நிரலையும் பிந்திய நிரலையும் தனித்தனியாகக் கணினியில் ஓடும் கோப்பாக மாற்றினேன். இரண்டு கோப்பும் ஒரு பைட் வித்தியாசம் இல்லாமல் ஒன்றேதான். பழைய பதிவையும் தேடி எடுத்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் மேலாளர் பெயர் பளிச்சென்று இருந்தது. எல்லாவற்றையும் அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். மரியாதையாகத்தான் வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார்.

"சரி லா, புரியுது. ஆனா கஸ்டமருக்கு நேத்தே ரிப்போர்ட் அனுப்பிட்டேன், நம்ம ஸ்டாஃப் ஒருத்தர் செஞ்ச தப்புன்னு. இப்ப மாத்தி எழுதினா அசிங்கம். அவன ஒரு லெட்டர் குடுக்கச் சொல்லு, தப்பு என்னோடதுன்னு. ஃபைல்ல கிடக்கட்டும். குடுத்தான்னா ரினியூவல்ல இன்னிக்கே சைன் போட்டுடறேன்."

செய்யாத தப்பை ஒப்புக்கொள் என்று சொல்ல எத்தனை தைரியம் வேண்டும்? அதுவும் தன் பெயரைத் தன் கண்ணால் பார்த்த பிறகு.

வெளியே வந்து தம்பியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "நீ எழுதாத. நான் பெரிய பாஸ் வரைக்கும் போறேன். பாத்துடுவோம், என்ன பண்ணிடுவாங்க" என்றேன். அவன் ஏற்கெனவே தாளை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தான்.

"உனக்கு ரோஷமே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை.

"இருக்குக்கா. ஆனா உங்ககிட்ட நீல ஐசி இருக்கு, நீங்க இந்த நாட்டுப் பிரஜை. நீங்க இன்னிக்குச் சண்டை போட்டாலும் நாளைக்கு இந்த ஊர்லதான் இருப்பீங்க. எனக்கு அவ பிள்ளை பெத்து எந்திரிக்கிற வரைக்கும் இங்க இருக்கணும்."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் மிச்சத்தையும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டான். கவனக்குறைவு, முழுப் பொறுப்பு, இனி நடக்காது என்று அழகான கையெழுத்தில் எல்லாம் இருந்தது. கடைசியில் மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருந்தான். அந்த மேற்பார்வையாளர் நான்தான். பேனாவை என் பக்கம் நீட்டினான்.

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.