பூட்டிக் கிடந்த மாடி

கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று தெருவில் கேட்பார்கள். திறந்து திறந்து மூடுகிற வேலை என்பேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உண்மை அதுதான். கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் ஆபீஸ்களில் வைத்திருக்கிற மென்பொருளுக்குத் தமிழ் வடிவம் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. அதில் வருகிற ஒவ்வொரு விண்டோவையும் திறந்து, பட்டன்களில் தமிழ் எழுத்து வெட்டுப்படாமல் தெரிகிறதா, ஃபைலைச் சேமித்தால் சேமித்தபடியே திரும்ப வருகிறதா என்று பார்த்துச் சொல்வோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஆரணியில், ஒரு பட்டுக்கடையின் மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது.

அந்த வேலையின் பெருமையைப் பற்றி எனக்கு ஒரு மயக்கமும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது தூரம் மட்டுமே. அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டாள். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய் அவளைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி இருந்ததால் அது முடிந்தது. சென்னைக்குப் போனால் அவளை யார் பார்ப்பது? அந்த மாடி இருக்கும்வரை நாங்கள் இருவரும் பிழைத்துக்கொள்வோம் என்று நம்பியிருந்தேன்.

ஆபீஸை நடத்தியவர் உள்ளூர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் வாயாலேயே வடை சுடுவார். ஒருநாள் எங்களுக்கு வேலை கொடுத்துவந்த சென்னைக் கம்பெனியிலிருந்து அவர் செய்தி கொண்டுவந்தார். கையால் சோதித்தது போதும், இனி விண்டோக்களைத் தானாகவே திறந்து மூடிப் பார்க்கிற ஸ்கிரிப்ட் எழுத வேண்டுமாம். முதல் விண்டோவிலிருந்து கடைசி டாகுமென்ட் வரை ஒரு கைகூடப் படாமல் ஓடி முடிந்தால் அடுத்த வருட வேலையும் நமக்குத்தான் என்றார். முடியாவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பெரும்பகுதியை நான்தான் எழுதினேன். ஸ்கிரிப்ட்டுக்குக் கண் கிடையாது. விண்டோ திறக்கத் தாமதமானால் வெற்று இடத்தில் கிளிக் செய்துகொண்டே போகும். நடுவில் ‘சேமிக்கவா?’ என்று ஒரு சின்னப் பெட்டி வந்தால் அப்படியே நின்றுவிடும். எங்கே காத்திருக்க வேண்டும், எந்தப் பெட்டியை மூடிவிட்டு மேலே போக வேண்டும், எது எப்படித் தெரிந்தால் தப்பு என்று என் விரலுக்குப் பழகியதையெல்லாம் வரி வரியாக அதற்கு எழுதிக்கொடுத்தேன். பிள்ளைக்குச் சோறு பிசைந்து வைக்கிற மாதிரிதான், கொஞ்சம்கூட மிச்சம் வைக்கவில்லை.

அப்படியும் அது முழுதாக ஓடவில்லை. கோளாறு ஸ்கிரிப்ட்டில் இல்லை, எங்கள் தெருவில் இருந்தது. பவர்லூம்கள் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் படுத்துவிடும். யூ.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்தி, பேட்டரி தீர்ந்து, பாதி ஓட்டத்தில் கம்ப்யூட்டர் அணையும். மறுபடி முதலிலிருந்து. ராத்திரியிலும் தறி ஓடியது. இன்னா பேஜாரு இது என்று ஆபீஸ் நடத்துகிற எங்கள் ஆள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

அமாவாசை யோசனை என்னுடையது. அன்று எங்கள் பக்கம் தறி ஓட்டமாட்டார்கள். தலைக்குக் குளித்து, படையல் போட்டு, தெருவே ஓய்ந்து கிடக்கும். கரண்ட் மட்டும் ஒழுங்காக வரும். ஆனால் கட்டடத்துக்காரர் அன்று கீழே தன் பட்டுக்கடை ஷட்டரைத் தூக்கமாட்டார், மாடிக் கேட்டையும் பூட்டிவிடுவார். அதனால் எங்களுக்கும் அமாவாசை லீவுதான். நானே போய்க் கேட்டேன்.

“அமாவாசையில வேலை வெக்கக் கூடாதும்மா,” என்றார்.

“நாங்க யாரும் வேலை செய்யமாட்டோங்க. காலைல ஆன் பண்ணிட்டுப் போயிடுவோம். மெஷினு தானா செஞ்சிகினு இருக்கும்.”

கொஞ்சம் யோசித்தார். “மனுசங்க கை படாதுன்னா சரி,” என்று சாவியைக் கொடுத்தார்.

ஓடவிட்டுப் பூட்டிவிட்டு வந்தேன். அன்று முழுக்க அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். வெந்நீர் வைத்து அவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, முடியை ஈரம் காய விரித்துவிட்டேன். தெருவில் ஒரு சத்தமில்லை. மாடியில் ஆளில்லாமல் விண்டோ விண்டோவாகத் திறந்து மூடிக்கொண்டிருப்பதை நினைக்க நினைக்கச் சந்தோஷமாக இருந்தது. இந்த வேலை நின்றுவிடாது, கவலைப்படாதே என்று அம்மாவிடம் சொன்னேன். அவளால் பேச முடியாது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கதவைத் திறந்தால் ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. தப்பு என்று காட்டுகிற சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. எங்கள் ஆள் கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். ஓடும்போது யார் கூட இருந்து பார்த்தது என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

“ஒருத்தருமே இல்லீங்க. ஆபீஸே பூட்டிக் கெடந்துச்சு,” என்றார் பெருமை தாங்காமல்.

பூட்டியா கிடந்தது என்று அந்தப் பக்கம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்கள். பிறகு வெரி குட் என்றார்கள். நான் கைதட்டினேன்.

அடுத்த அமாவாசைக்குள் முடிவு வந்துவிட்டது. பூட்டிக் கிடந்தாலும் நடக்கிற வேலைக்கு ஆரணியில் எதற்கு ஆபீஸ்? ஸ்கிரிப்ட்டைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டார்கள். வர விரும்புகிறவர்கள் வரலாம் என்றும் சொன்னார்கள். எங்களோடு வேலை செய்ய தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பெண் போனாள். என்னால் முடியவில்லை. கோபப்படக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வருட வேலை என்பது எங்கள் ஆள் வாயால் சுட்ட வடை, கம்பெனி ஏமாற்றவில்லை, கேட்டதைச் செய்து கொடுத்தோம், அவ்வளவுதான். வேனில் கம்ப்யூட்டர்களை ஏற்றும்போது கட்டடத்துக்காரர் என்னிடம் வந்தார்.

“நல்லா ஓடுச்சின்னியேம்மா, அப்புறம் ஏன் காலி பண்றீங்க?”

“நல்லா ஓடுச்சிங்க. அதான்,” என்றேன்.

பிறகு கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கப் போனேன். சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கல்யாண வீட்டார் பஸ் பிடித்து வந்து இறங்குவது மத்தியானத்தில்தான். அந்த நேரத்தில் வீட்டுக்கு விடமாட்டார்கள். புரட்டிப்போட ஆளில்லாமல் அம்மாவுக்கு முதுகில் புண் வந்தது. நாள் முழுக்க ஒரே பக்கம் கிடந்தாள். அந்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை.

இப்போது அமாவாசைதோறும் அவளுக்குப் படையல் போடுகிறேன். தெருவில் தறிச் சத்தம் இருக்காது. அன்றைக்குக் கரண்ட் நன்றாக வருகிறது.