கடைசிப் பந்தி

அண்ணன் மகள் கல்யாணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ராசிபுரம் ரோட்டில் பெரிய மண்டபம், பெண் வீட்டுக்காரர்கள் நாங்கள். எங்கள் பக்கத்தில் வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் இலை முன்னால் உட்காருவார்கள். அதிலும் வீட்டுப் பெரியவர் என்றால் கடைசிப் பந்திதான். முந்தி உட்கார்ந்தால் மானம் போய்விடுமாம். உயிர் போனால் பரவாயில்லை போலிருக்கிறது.

அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. காலையும் இரவும் இன்சுலின். அன்று காலை ஏழு மணிக்கு மண்டபத்து அறையில் நான்தான் ஊசி போட்டேன். அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நாலு பேரு வந்து உக்காரட்டும் சாமி, அப்புறம் வாரேன்" என்று சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்திருக்க வேண்டும். நானோ பட்டுப்புடவைக்கு மடிப்பு வைக்கப் போனேன். அதற்காக என் மேல் இருக்கிற கோபம் தனி.

ஒன்பதரை மணிக்கு வாசலில் சத்தம். போய்ப் பார்த்தால், மாப்பிள்ளையின் தாத்தாவிடம் அப்பா மல்லுக்கு நிற்கிறார். "நீங்க யாருங்க? யாரைக் கேட்டு உள்ள வாரீங்க?" யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை அவரை. சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது, நாக்கு குழறியது.

"காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டாரு" என்றார் நாற்காலியில் இருந்த ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள். கள்ளைக்கூட வாயில் வைக்காதவர் என் அப்பா. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக இதே ஆட்களைக் கும்பிட்டு வரவேற்று, ஒவ்வொருவரையும் சாப்பிட அனுப்பிக்கொண்டிருந்தவர். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று ஒருவர் வற்புறுத்திக் கேட்டிருந்தால் போதும்.

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாததால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. காபி போடும் இடத்துக்கு ஓடி, டம்ளரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தண்ணீரில் கலக்கிக்கொண்டு வந்தேன். அப்பாவின் வாயருகே போன டம்ளரை அவர் தங்கை, என் அத்தை, எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அம்மணி, சக்கரைக்காரருக்குப் போயி சக்கரையக் குடுக்கறயே, புத்தி இருக்குதா?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மோர் கொடு, விசிறிவிடு, எலுமிச்சை முகரச் சொல் என்று ஆளுக்கொரு வைத்தியம். விசேஷத்துக்கு விசேஷம் அப்பா இலையிலிருந்து லட்டை எடுத்துத் தள்ளி வைத்தே பழகியவர்கள். சர்க்கரை ஏறினால் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை கையைத் தட்டிவிட்டேன். பாதி என் புடவையில் கொட்டியது. "தள்ளுங்க. செத்துப் போயிருவாரு" என்று கத்தினேன். கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சா என்று அத்தை முணுமுணுத்தார். நல்லவேளை, மிச்சத்தை அப்பாவால் விழுங்க முடிந்தது. ஓடிப்போய் இன்னொரு டம்ளர் கலக்கி வந்தேன்.

கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. பந்திக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே அவர் முதலில் கேட்டது, "சம்பந்தி ஊட்டுக்காரங்க எல்லாம் சாப்பிட்டாங்களா?"

"என்ன மனுசன் பாருங்க" என்று உருகினார், ஊத்திட்டு வந்துவிட்டதாகச் சொன்ன அதே ஆள். சாம்பார் வாளியை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. இந்த மாதிரிப் பாராட்டு வாங்கி வாங்கித்தான் அப்பா வாசலிலேயே நின்றார்.

ஒரு இட்லிகூட முடியவில்லை. அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். இலையை மடிக்கப் போனார். நான் இலை மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"பின்னால ஆளு நிக்கறாங்க சாமி."

"நிக்கட்டும்" என்றேன்.