துளசி அக்காவின் நூறு நோட்டுகள்

ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் துளசி அக்கா ஜாகா வேலை பார்க்கிறார். பன்னிரண்டு மணி நேரக் காவல். வயது ஐம்பத்திரண்டு. உணவு கொண்டுவருபவர் பெயரைச் சொன்னால் அடையாள அட்டையைக் கேட்பார். அட்டையைக் காட்டினால், தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்லி முகத்தையும் பார்ப்பார்.

சுங்காய் பக்கம் அவர் பிறந்த தோட்டத்தை விற்றபோது, மாரியம்மன் கோவிலை யாரும் தொடமாட்டார்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா நம்பினார். மூன்றாம் வருடம், தோட்டத்தை வாங்கியவர்கள் எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றுகள் கோவில் சுவரை ஒட்டி நின்றன. அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோவிலை ஈப்போவுக்கு வெளியே ஒரு சிறிய நிலத்துக்கு மாற்றுவதென்று எட்டு வருடங்களுக்கு முன் முடிவானது. தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் நோட்டுகள் கொடுத்தார்கள். ‘ஓம் சக்தி’ என்று எழுத வேண்டும். பக்கத்துக்கு நூறு முறை, நோட்டுக்கு நூறு பக்கம். எல்லா நோட்டுகளும் அம்மன் பீடத்துக்கு அடியில் உள்ள குழிக்குள் போகும். அதிகம் எழுதியவர் தன் கையால் முதல் நோட்டை வைப்பார். கல்லை மூடிவிட்டால் பிறகு திறக்கவே முடியாது. துளசி அக்கா ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் இடையில், காவல் கூண்டுக்குள் உட்கார்ந்து எட்டு வருடம் எழுதினார்.

பட்டியலைக் கணினியில் அடித்தவள் நான். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள், அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன். கோவில் செயலாளர் தேவன் அண்ணன் ஒரு தாளும், தமிழ்நாட்டிலிருந்து வந்த குருக்கள் ஒரு தாளும் கொடுத்தார்கள். அவரவரிடம் வந்த நோட்டுகளை அவரவர் எண்ணியிருந்தார்கள். இரண்டையும் ஒரே பட்டியலாக அச்சடித்துக் கோவில் கொட்டகையில் ஒட்டினேன். முதலில் பிச்சைமுத்து, 9,48,750. அடுத்து வீரம்மா, 8,75,300. மூன்றாவது துளசி, 996,400.

“ரெண்டு பேரு ஜூத்தா தாண்டிட்டாங்க!” என்றார் தேவன் அண்ணன். பத்து இலட்சத்தைத்தான் நாங்கள் ஜூத்தா என்போம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் துளசி அக்கா என்னைக் காவல் கூண்டுக்கு வரச் சொன்னார்.

“ஏம்மா, பிச்சைமுத்து யாரு?”

“தேவன் அண்ணனோட மச்சான்.”

“அதான். மச்சானுக்கு மச்சான் மாலை போடுறாரு.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. தோற்றவர் பேசும் பேச்சு என்று நினைத்தேன். இன்னொன்றையும் நினைத்தேன், எழுதவே கூசுகிறது: இத்தனை நோட்டையும் இவரே எழுதியிருப்பாரா?

“அக்கா, எண்ணிக்கைதானே? கணக்குல பொய் இருக்காது.”

“இருக்காதா? நேத்து ஸ்டோர்ல போய்ப் பார்த்தேன். என்னோடது நூறு நோட்டு, கடைசி நோட்டு மட்டும் கொஞ்சம் காலி. அவரோடது தொண்ணூத்தஞ்சு. நோட்டு குறைச்சலா இருக்கிறவரு எப்படிம்மா கூட எழுதியிருப்பாரு? நீ டிகிரி படிச்சவ, சொல்லு.”

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு நோட்டுக்குப் பத்தாயிரம். தொண்ணூற்றைந்து நோட்டு முழுதாக இருந்தாலும் ஒன்பதரை இலட்சம்தான், ஜூத்தா எப்படி வரும்? பேருந்தில் வரும்போது எனக்கும் தேவன் அண்ணன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மாற்றியிருப்பாரோ?

வீட்டில் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். யாரும் எதையும் மாற்றவில்லை. குருக்கள் தம் ஊர் வழக்கப்படி, ஆயிரத்துக்குப் பின் இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து இலட்சத்துக்கு ஒரு காற்புள்ளி வைத்திருந்தார். தேவன் அண்ணன் இந்த ஊர்ப் பள்ளிக்கூட வழக்கப்படி மூன்று மூன்றாகப் பிரித்திருந்தார். இரண்டு காற்புள்ளி இருந்தால் ஜூத்தா என்று பழகிய கண் எனக்கு. எண்ணைப் படிக்காமல் புள்ளிகளைப் பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

காற்புள்ளி இல்லாமல் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன்.

996400
948750
875300

எல்லாமே ஆறு இலக்கம். ஒருவரும் ஜூத்தாவைத் தொடவில்லை. இலட்சத்தின் இடத்தில் வீரம்மாவுக்கு எட்டு, மற்ற இருவருக்கும் ஒன்பது. அடுத்த இடத்தில் துளசி அக்காவுக்கு ஒன்பது, பிச்சைமுத்துவுக்கு நான்கு. அதற்குமேல் பார்க்கவே தேவையில்லை.

வெள்ளிக்கிழமை குழிக்குப் பூசை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் ஒரு நொடி நினைத்தேன். வியாழன் மாலை கோவில் கொட்டகையில், எல்லோர் முன்னாலும் தாளை விரித்துச் சொன்னேன்.

பிச்சைமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “நான் எப்ப ஜூத்தான்னு சொன்னேன்? நீங்களா கைதட்டுனீங்க, நானும் சிரிச்சு வச்சேன்.”

தேவன் அண்ணன் தலையில் கைவைத்தார். “ஏம்மா, யுனிவர்சிட்டில இதுதான் சொல்லிக்குடுத்தாங்களா?”

துளசி அக்கா சிரிக்கவில்லை. அவருடைய சந்தேகம் தேவன் அண்ணனை விட்டு என்மேல் திரும்பியது.

“புள்ளிதான் காரணமா? ஒட்டுன அன்னைக்குத் தெரியல, இன்னைக்குத் தெரியுதா? யாரு உன்னை அப்படி அடிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லலக்கா. என் தப்புதான்.”

“தப்புன்னு எல்லாரும்தான் சொல்றாங்க.”

என்னிடம் வேறு சாட்சி இல்லை. அவர் குருக்களின் தாளைக் கேட்டு வாங்கினார். விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாக எண்ணினார், பிறகு கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கையால்தான் முதல் நோட்டு உள்ளே போனது. அதற்குப் பிறகு எல்லோரும் பசியாறப் போனார்கள். அவர் போகவில்லை. மற்ற நோட்டுகள் அடுக்கப்பட்டு, கல் ஏறி, சுற்றிச் சிமெண்டு பூசி முடிக்கும்வரை குழியின் ஓரத்திலேயே நின்றார். பிச்சைமுத்து ஒரு குவளை மைலோ கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக்கொண்டார், கண்ணைக் கல்லிலிருந்து எடுக்கவில்லை.