வெளிப்பெட்டியில் நின்ற கடிதங்கள்

என் நாத்தனாருக்குக் காது கேட்காது. ஆனால் அவள் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஸ்பீக்கர் என்றே பெயர். யாரோ கிண்டலுக்கு வைத்தது. உதட்டசைவைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "வச்சவன் யாருன்னும் தெரியும். பேர் நல்லாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்று தானே எடுத்துச் சூட்டிக்கொண்டாள். அதோடு அந்தக் கிண்டல் பிசுபிசுத்துப் போயிற்று.

ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாய் வரும் விரிப்புகளைத் துவைத்து, சூடான பெரிய உருளைகளுக்குள் விட்டுத் தேய்த்து எடுக்கிற இடம் அது. சின்ன வயசிலிருந்தே உருளைப் பக்கம்தான் அவளுக்கு நிற்க வேண்டிய இடம். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாய் அவள் காதைத் தின்றுவிட்டது. முதலில் குக்கர் விசில் போயிற்று. பிறகு கதவு தட்டும் சத்தம். பிறகு எங்கள் குரல். காதில் வைக்கும் கருவி ஒன்று வாங்கினாள். "அண்ணி, இதுல மெஷின் சத்தம்தான் பெருசாக் கேக்குது. அதுகிட்டயிருந்து தப்பிச்சுத்தானே வீட்டுக்கே வர்றேன்?" என்று கழற்றி மேசை டிராயரில் போட்டாள். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பெண் பார்க்க வந்தவர்களிலும் ஒருவர், "காது கேக்காதது ஒருவகையில நல்லதுதான், வீட்டுல சண்டை வராது" என்று சொல்லிச் சிரித்தார். இவள் அவர் உதட்டைப் படித்துவிட்டு, "எனக்குக் கேக்காது, ஆனா உங்களுக்குக் கேக்குமே" என்றாள். காப்பி ஆறுவதற்குள் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

போனில் பேச முடியாதவளுக்கு எழுத்துதான் வாய். கைப்பேசித் திரையும் அவளுக்கு ஆகாது. சூட்டுத் துணியைப் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய்விட்டது. எவ்வளவு தடவினாலும் திரைக்கு உணர்வு வராது. அதனால் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி ஜன்னல் ஓரம் வைத்தாள். கடைக்காரர் அதில் மெயில் பார்க்கிற புரோகிராம் ஒன்றைத் தமிழில் போட்டுக் கொடுத்தார். இடது பக்கம் மேலிருந்து கீழாக வரவுப்பெட்டி, வெளிப்பெட்டி, அனுப்பியவை என்று இருக்கும். டப் டப்பென்று அவள் கீபோர்டு கட்டைகளைத் தட்டுவது, நான் அடுக்களையில் பிரார்த்தனை சொல்லும்போதுகூடக் கேட்கும். ஆண்டவனுக்கு அதற்குள் அந்தத் தாளம் பழகியிருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு வரை அவள் லீவு போட்டிருந்தாள். மதியம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "அண்ணி!" என்று ஒரு குரல். பாத்திரம் கை நழுவியது.

சலவைக்கூட அலுவலகத்திலிருந்து மெயிலில் கடிதம் வந்திருந்தது. அபாய மணி அடித்தால் உங்களுக்குக் கேட்பதில்லை, பாதுகாப்பை முன்னிட்டு உங்களை வேலையிலிருந்து விடுவிக்கிறோம், இதைப் பற்றி ஏற்கெனவே எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை, இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் நீங்கள் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வோம். இவ்வளவுதான் விஷயம். பார்த்துப் பார்த்து மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"பதில் இல்லையாமே! ரெண்டுக்கும் போட்டேன். மணிக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு விளக்கு வைங்க, எரிஞ்சா பாத்துக்கறேன்னு படிச்சுப் படிச்சு எழுதினேன். இப்ப மறுப்பும் எழுதி அனுப்பிட்டேன், அதுவும் போய்ச் சேரலைன்னா? வந்து பாருங்க, எல்லாம் வெளிப்பெட்டியிலயே இருக்கு!"

பார்த்தேன். இருந்தது. வெளிப்பெட்டியில் இருந்தால் வெளியே போய்விட்டது என்றுதானே அர்த்தம்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வேன் ஓட்டுகிறவர், எதையும் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார். "எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? என் போன்லருந்து நான் அனுப்பிடறேன்" என்று அவள் முகத்துக்கு நேராக நின்று சொன்னார்.

"உங்க பேர்ல போனா, பாவம் அண்ணன்காரன் கெஞ்சறான்னு படிப்பாங்க. நான் கெஞ்சல."

"சரி, நேர்ல போய்க் கொடு. வண்டியில கொண்டு விடறேன்."

"நேர்ல போனா அந்த மேற்பார்வையாளர் சுவத்தைப் பாத்துக்கிட்டுப் பேசுவார். உதடு தெரியக் கூடாதுன்னே திரும்பிக்குவார். அப்புறம், சொன்னேனே, நீதான் தலையாட்டினியேம்பார். வேண்டாம். எழுத்துல கேட்டாங்க, எழுத்துலதான் வாங்கிக்கணும். என் பேர்ல, என் பெட்டியிலருந்து."

சண்டை எனக்கு ஒத்துவராது. மனசுக்குள் ஆண்டவனை அழைத்துவிட்டு, கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவரால் அப்போது கடையை விட்டு வர முடியாது. போனிலேயே சொல்கிறேன் என்றார். அவர் சொல்வதை நான் வாயசைத்துச் சொல்ல வேண்டும், அவள் பார்த்துச் செய்ய வேண்டும்.

"தங்கச்சி, முதல்ல அவங்களை, அவங்க மெயிலுக்கே ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்க. படம் கிடம் எதையும் சேர்க்க வேணாம்."

அனுப்பினாள். திரையில் சின்னதாய் ஒரு பெட்டி வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னது. அவள் டக்கென்று அதை மூடினாள்.

"ஏம்மா மூடினே?"

"விளம்பரம் அண்ணி. எப்பப் பாத்தாலும் வரும்."

போனில் அவர் தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. மறுபடி அனுப்பச் சொல்லி, அந்தப் பெட்டியில் உள்ளதை என் வீட்டுக்காரரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு அவரே விளக்கினார். "வெளியே அனுப்பற சர்வரைத் தொட முடியலைன்னு சொல்லுது. கடிதம் பெருசா சின்னதாங்கறது பிரச்சினை இல்ல, வழியே அடைச்சிருக்கு. வர்றது எல்லாம் ஒழுங்கா வருதா?"

"வருது. போகத்தான் மாட்டேங்குது."

இதை நான் வாயசைத்ததும் அவள் பொரிந்து தள்ளினாள். "அதுதானே! ஊர்ல இருக்கற அத்தனை பேர் பேச்சும் எனக்கு வந்து சேரும். என் பேச்சு மட்டும் போகாது!"

"சமீபத்துல ஏதாச்சும் மாத்தினீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். ரொம்ப நாள் இருந்த இன்டர்நெட் கம்பெனியை விட்டுவிட்டு, மலிவென்று வேறு கம்பெனிக்கு மாறியது அவர்தான்.

"அதான் விஷயம். குப்பை மெயில் அனுப்பறவங்களைத் தடுக்கறதுக்காக, சில கம்பெனிங்க பழைய வழியைச் சாத்தி வச்சிருப்பாங்க. செட்டிங்ஸ் போகச் சொல்லுங்க. வெளியே அனுப்பறதுங்கற இடத்துல போர்ட் இருபத்தஞ்சுன்னு இருக்கும். அதை மாத்தணும்."

"போர்டை மாத்தணுமாம்" என்றேன்.

அவள் எழுந்தாள். சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டைப் பார்த்தாள். "இதையா? எலக்ட்ரீஷியனுக்கு இன்னிக்கு எங்க போறது?"

என் வீட்டுக்காரரோ அதற்குள் ஸ்க்ரூ டிரைவர் எடுக்கக் கிளம்பிவிட்டார். கடைக்காரர் போனில் கத்த, நான் இங்கே கத்த, யாருக்கு எது கேட்கவில்லை என்றே தெரியாமல் போயிற்று. கடைசியில் திரையில் இருந்த இருபத்தைந்தின் மேல் விரலை வைத்தேன். பிறகு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவர் சொன்ன எண்ணை ஐந்து விரல், எட்டு விரல், ஏழு விரல் என்று காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே 587 என்று அடித்தாள்.

அதன் கீழே பாதுகாப்பான இணைப்பு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அனுப்பும்போதும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்படி வைக்கச் சொன்னார்.

"உள்ளே வர ஒரு சாவி, வெளியே போக ஒரு சாவியா?" என்று கேட்டாள்.

"சாவி ஒண்ணுதான். ரெண்டு கதவுலயும் காட்டணும்" என்று அவர் சொன்னதை நான் சொன்னேன். பிறகு அவர் ஒன்று சேர்த்துச் சொன்னார். "வெளிப்பெட்டின்னா போனது இல்ல தங்கச்சி. போறதுக்காகக் காத்திருக்கறது. போனது அனுப்பியவைல இருக்கும். இப்ப அனுப்புன்னு தட்டினா உள்ளே நிக்கறது அத்தனையும் ஒண்ணாக் கிளம்பிடும். வேண்டாதது இருந்தா இப்பவே அழிச்சுடுங்க."

நான் அதை மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது. பதில் போடாமல் திமிராக இருக்கிறார்கள் என்று இத்தனை நாள் அங்கே யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். அவர்களோ இவள் திமிராக இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் வெளிப்பெட்டியில் நின்றவற்றைத் திறந்து படித்தார். முதல் இரண்டும் விளக்கு கேட்டு எழுதியவை, பணிவாகத்தான் இருந்தன. அன்றைய மறுப்பும் கச்சிதம். நடுவில் ஒன்று மேற்பார்வையாளர் பெயருக்கே. அதைப் படித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னிடம் பேசும்போது சுவரைப் பார்க்காதீர்கள். சுவருக்கும் காது கிடையாது. எனக்காவது கண் இருக்கிறது. என் காதை எடுத்துக்கொண்டது உங்கள் மெஷின். மிச்சமிருப்பதையாவது மரியாதையாக நடத்துங்கள்."

"இதை அழிச்சுடு" என்றார் அவர். "மத்தது போகட்டும். இது ஒண்ணு போனா உள்ளதும் போயிடும்."

எனக்கும் அழித்துவிட்டால் நல்லதென்றே பட்டது. அவள் தோளைத் தொட்டு, "கண்ணு, கோவத்துல எழுதினது. விட்டுடேன்" என்றேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதுல பொய் ஏதாச்சும் இருக்கா அண்ணி?"

இருந்தால்தானே சொல்ல? தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"அப்ப அதுவும் போகும்."

தட்டினாள். வெளிப்பெட்டியில் இருந்தவை ஒவ்வொன்றாகக் கிளம்பின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வெளிப்பெட்டி காலி. எல்லாம் அனுப்பியவையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போய் வேனைத் துடைக்க ஆரம்பித்தார். மனசு சரியில்லை என்றால் அவர் வேனைத்தான் துடைப்பார்.

அலுவலகம் மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரு வரி வந்தது. உங்கள் கடிதங்கள் அனைத்தும் கிடைத்தன, விடுவிப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது, திங்களன்று வழக்கம்போல் வேலைக்கு வந்து விளக்கு விஷயமாகப் பேசவும். அவள் சத்தம் போட்டுப் படித்தாள். தெருவில் போனவர் ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். நான் அடுக்களைக்குப் போய் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். அந்த நடுக் கடிதத்தையும் சேர்த்தே சொன்னேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "மேற்பார்வையாளர் என்ன சொன்னார்?"

"மூஞ்சி கடுகடுன்னுதான் இருந்துச்சு அண்ணி. ஆனா என்னைப் பாத்து வச்சிருந்தார். ஒரு வார்த்தைகூட விடாமப் படிச்சேன். மன்னிப்பு எல்லாம் கேக்கல. விளக்கு போடறேன்னார்."

அந்த வாரத்துக்குள்ளேயே விளக்கு வந்துவிட்டது. வேலையும் நிலைத்தது. நான் இனிப்பு செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வந்தாள், கை கால் கழுவினாள், நேராக ஜன்னல் பக்கம் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். டப் டப் என்று கட்டைகள் பறந்தன.

"இன்னும் என்னம்மா? அதான் விளக்கு போட்டாச்சே" என்று அவள் முன்னால் போய் நின்று கேட்டேன்.

"போட்டாங்க. தூணுக்குப் பின்னால. நான் நிக்கற இடத்துலருந்து பாதிதான் தெரியுது."

அனுப்பிவிட்டு, அது வெளிப்பெட்டியை விட்டு நகர்ந்து அனுப்பியவையில் போய் விழுகிறவரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகுதான் இனிப்புக்குக் கை நீட்டினாள்.