ஆர்வில் லெட்பெட்டரும் கிளறக் கூடாத நெருப்பும்

ஆர்வில் லெட்பெட்டர் எந்த நெருப்பையும் சும்மா விட்டவரில்லை. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த காலத்தில், சாப்பாட்டு நேரத்தில் மூட்டிய தீயைச் சுற்றி எல்லோரும் கைகளை நீட்டுவார்கள். அவர் ஒரு குச்சியை நீட்டுவார். தேவாலயத்து விருந்துக்குப் பன்றி வாட்டுகிறவர்கள் அவர் வருவதைப் பார்த்தால் கிளறுகம்பியை எடுத்து ஒளித்துவைப்பார்கள். அதிகம் பேசாத மனிதர். பேச வேண்டியதையெல்லாம் கங்குகளைப் புரட்டியே முடித்துக்கொள்வார் என்பது அவர் மனைவி வெல்டாவின் கணிப்பு.

இடுப்பில் அறுவைசிகிச்சை ஆன பிறகு அவரால் வீட்டுக் கணப்புக்கு விறகு சுமக்க முடியவில்லை. வெல்டா சுமந்தாள். போன மார்ச்சில் கொல்லைப்படியில் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். நாக்ஸ்வில் நகரத்திலிருந்து மகள் மார்லா வந்து, மாவுக்கட்டைப் பார்த்தாள், விறகுக் குவியலைப் பார்த்தாள்.

"டாடி, அடுத்த குளிருக்குள்ள வீட்டைச் சூடா வச்சுக்க ஆபத்தில்லாத வழி ஒண்ணு பண்ணுங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் என்னோட வந்துடணும். ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

அந்த அறையை ஆர்வில் பார்த்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் ஒரு டயர் கடையின் பின்சுவர். மலை எந்தப் பக்கம் என்றே தெரியாது.

இலை உதிரத் தொடங்கியதும் கேஸ் வேலை செய்யும் லோனியைக் கூப்பிட்டார்கள். புகைபோக்கி தேவைப்படாத கேஸ் கணப்பு. வெளியே தொட்டி, சுவர் வழியே குழாய், குமிழைத் திருகினால் தீ. மின்சாரம் போனாலும் எரியும். லோனி முதலில் செய்தது அறையை அளந்ததுதான்.

"படுக்கையறையில வச்சா என்ன?" என்று வெல்டா கேட்டாள்.

"தூங்குற இடத்துல இவ்வளவு பெருசு வேண்டாம், மிஸஸ் வெல்டா. இது நீங்க மூச்சு விடுற காத்தையேதான் தானும் இழுத்துக்கும். இந்தக் கூடமே சின்னது. சமையல்கட்டுக் காத்தும் சேர்ந்தாத்தான் பத்தும். நடுக்கதவைக் கழட்டிடுறேன்."

"அப்போ நான் வெங்காயம் வதக்கினா ஆர்வில் டிவி முன்னாடி கண்ணீர் விடணும்."

"நம்ம டீம் ஆடுறதைப் பாத்து ஏற்கெனவே விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் ஆர்வில்.

கணப்புக்கு மேலிருந்த மரத்தட்டு தாழ்வாக இருந்தது; சூடு தாக்கிக் கருகும் என்று லோனி அதை உயர்த்தி மாட்டினார். குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைப் பூசிவிட்டு, குமிழி வருகிறதா என்று மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை. விஷவாயு அலாரம் ஒன்றைச் சுவரில் பொருத்தினார். கணப்பு எரியும்போதெல்லாம் ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும் என்றார். கடைசியாக, விறகுபோலவே செய்த பீங்கான் கட்டைகளை, கூடவே வந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார்.

"இதுங்க விறகு இல்ல, மிஸ்டர் ஆர்வில். வச்ச இடத்துலயே இருக்கணும். தொடாதீங்க."

"நகர்ந்தா என்ன, எழுந்து ஓடிடுமா?"

"சுடர் கட்டையில போய் முட்டும். சரியா எரியாது. கரி படியும், கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அதுக்கு வாசனை கிடையாது. வெறும் தலைவலின்னு நினைச்சுப் படுத்துருவீங்க."

ஆர்வில் தலையாட்டினார்.

கணப்பு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் ஒரு கட்டையும் சரியவில்லை. ஒரு பொறி இல்லை, சாம்பல் இல்லை. பேச்சே கொடுக்காத விருந்தாளி ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது ஆர்விலுக்கு. தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஜனவரியில், பனி கொட்டிய ஒரு காலைப்பொழுதில், மேலே கிடந்த கட்டை கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. வெல்டா சமையல்கட்டில் பீன்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பழைய கிளறுகம்பி மூலையிலேயேதான் இருந்தது. ஒரே ஒரு தள்ளு. தீ மஞ்சளாகி உயர்ந்தது. "இப்பத்தான் நெருப்பு மாதிரி இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளினார். மரத்தட்டின் அடியில் கறுப்பாக ஏதோ படிந்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டார். வெல்டா தலை வலிக்கிறது என்றாள், புதுக் கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். லோனி சொன்ன தலைவலி அவருக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

ஞாயிறு மதியம், சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது அலாரம் அலறியது. இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கி, காரில் உட்கார்ந்து உதவிக்கு அழைத்தார்கள். தீயணைப்பு ஆட்கள் வந்து கேஸை மூடி, வீட்டைக் காற்றாட விட்டு, ரத்தத்தில் விஷவாயு ஏறியிருக்கிறதா என்று வெல்டாவின் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார்கள். பயமில்லை, சீக்கிரம் வெளியே வந்தது நல்லது என்றார்கள்.

பிற்பகலில் லோனி வந்தார். குழாயைச் சோதித்தார், ஜன்னலைப் பார்த்தார், கரியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியதால் கட்டைகள் இடம் மாறியது அவர் கண்ணில் படவில்லை.

"குழாய், ஜன்னல் எல்லாம் சரியா இருக்கு. கணப்பே பழுதா இருக்கும்போல. காரணம் தெரியாம நான் திரும்பப் பத்தவைக்க மாட்டேன். கழட்டிடலாம்."

கழற்றினால் நாக்ஸ்வில். கிளறியதைச் சொன்னால், இவரை நெருப்போடு தனியே விடக் கூடாது என்று மார்லா சொல்வாள், அப்போதும் நாக்ஸ்வில். ஆர்வில் வெல்டாவைப் பார்த்தார். அவள் போர்வைக்குள் இன்னும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கணப்பு மேல தப்பில்ல" என்றார். "நான்தான் கிளறினேன். ஒரு வாரமா."



"ஒரு வாரமா" என்றாள் வெல்டா மெதுவாக. "நான் பாவம், கண்ணாடிக் கடைக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் எழுந்து, கிளறுகம்பியை எடுத்துப்போய் லோனியின் வண்டியில் போட்டுவிட்டு வந்தாள். லோனி கரியைத் துடைத்து, கட்டைகளைப் பழையபடி அடுக்கிப் பற்றவைத்தார். சுடர் நீலமாக நின்றது. காற்றைச் சோதிக்கும் கருவியை நீட்டி நெடுநேரம் காத்திருந்து பார்த்து, "இப்ப சரி" என்றார்.

அவர் போனதும் ஆர்வில் தானே தொலைபேசியை எடுத்தார். மகளிடம் எதையும் குறைக்காமல் சொன்னார், தலைவலியையும் சேர்த்து.

"டாடி, இது அம்மா வாயால வந்திருந்தா, இன்னைக்கே வந்து ரெண்டு பேரையும் வண்டியில ஏத்தியிருப்பேன்."

"தெரியும்."

"சனிக்கிழமை வரேன். கூட்டிட்டுப் போக இல்ல. எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாக்க. இன்னொரு தடவை தொட்டீங்கன்னா, அப்புறம் பேச்சே கிடையாது."

"சரி."

தொலைபேசியை வைத்துவிட்டு, ஆர்வில் தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். உட்கார்ந்து, கணப்பை நோக்கிக் கையை நீட்டிப் பார்த்தார். எட்டியது. எழுந்து, இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.