ஞாயிற்றுக்கிழமை வோல்டேஜ்

புது ஆம்ப்ளிஃபையரைப் பிரதிஷ்டை செய்ய ஆயர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். நான் மட்டும் எழுந்து போய் அதன் பிளக்கைப் பிடுங்கினேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் முடிந்தால்தான் நிரந்தரம் பற்றிப் பேசுவதாக முதலாளி சொல்லியிருந்தார். கைக்குழந்தை வேறு. ஆம்ப்ளிஃபையரின் டெஸ்ட் கார்டில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான். டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். பயன்படாமலும் போகலாம்.

1. கமிட்டி வைத்த டிரான்ஸ்ஃபார்மர்

எழுபதுகளின் கடைசி. ராணிப்பேட்டையில் எங்கள் பட்டறை. ஸ்டெபிலைசரும் கல்யாண மைக் செட்டும் செய்வோம். ஒரு சபையின் பாடகர் குழு பழைய ரேடியோவில் எரிவது போன்ற வால்வு போட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபையர் கேட்டது. வாசிப்பவர் எட்வின், வாங்கித் தருபவர் சபை மூப்பர் ஞானமுத்து. பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு நான் கணக்குப் போட்டேன். 230 வோல்ட் உள்ளே போனால் 300-0-300 வெளியே வரவேண்டும். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு ஒரு வால்வு, அதற்குத் தனியாக ஐந்து வோல்ட் சுற்று.

முதலாளி ரத்தினம் சார் அந்த ஐந்து வோல்ட்டைப் பேனாவால் அடித்தார்.

"இன்னாத்துக்கும்மா வால்வு? ரெண்டு டயோடு போட்டா முடிஞ்சிது. அது சூடாவறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடும்."

"வால்வுன்னா வோல்டேஜ் மெதுவா ஏறும் சார், கொஞ்சம் கம்மியாவும் வரும். டயோடுன்னா போட்ட உடனே முழுசா வந்துடும்."

"முழுசா வந்தா நல்லதுதானே?"

அதற்குப் பதில் பஸ்ஸில் போகும்போதுதான் வந்தது: முழுசாக வந்தால் மற்ற பாகங்களும் முழுசாகத் தாங்க வேண்டும்.

புதன்கிழமை போட்டுக் காட்டினோம். எட்வின் ஒருமுறை மீட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சத்தம் ரொம்பக் கம்மி சிஸ்டர். கொசு பாடற மாதிரி இருக்கு."

மூப்பருக்குக் கவலை வேறு. பெட்டியை ஒரே கையால் தூக்கிப் பார்த்தார். "என் பேரு போட்டுக் குடுக்கறது சார். ரெண்டு பேராவது தூக்க வேணாமா?"

சுவர் மீட்டர் 190 காட்டியது. சுற்றிலும் தோல் பதனிடும் டேனரிகளின் டிரம்கள் உருளும் நாட்களில் எங்களுக்கு மிஞ்சுவது அவ்வளவுதான். முதலாளி வழி கண்டுபிடித்தார்: 190 வந்தாலே 300 கிடைக்கும்படி, பெரிய இரும்புக் கோரில் புதிதாகச் சுற்றுவது. எட்வினுக்குச் சத்தம் கிடைத்தது, மூப்பருக்கு எடை கிடைத்தது. இப்படித்தான் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

நான் மட்டும் 250 வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஃபில்டர் கண்டென்சர் தாங்குவது 450 வோல்ட். அதில் ஐந்நூற்றைம்பது ஏறும். முதலாளியிடம் காட்டினேன்.

"இருநூத்தம்பதா? நம்ம ஊர்லயா? நீ பாத்திருக்கியாம்மா?"

பார்த்ததில்லை. வோல்டேஜை ஏற்றி இறக்கும் வேரியாக்கைக் கடைசிவரை திருப்பினாலும் 215-ஐத் தாண்டவில்லை. அதில் ஆம்ப்ளிஃபையர் நன்றாகவே பாடியது. கணக்கில் நான்தான் தப்பு செய்திருப்பேன் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

2. பிளக்

ஞாயிறு காலை ஆராதனைக்குப் போனபோது ஃபேன்கள் பாட்டுப் புத்தகங்களின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தன. வாரநாளில் அதே ஃபேன்களின் இறக்கைகளை எண்ணிவிடலாம். டேனரிகளுக்கு விடுமுறை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்தார்கள். மஞ்சளாக எரிய வேண்டிய பைலட் பல்ப் வெள்ளையாக எரிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமியது. பக்கத்திலேயே சிறுவர் பாடகர்கள் நின்றார்கள். குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

"யாரு பிளக்கைப் புடுங்கனது?" என்றார் மூப்பர்.

"நான்தான் ஐயா. கரண்ட் ஜாஸ்தியா வருது. வெடிச்சிடும்."

"வாரம் பூரா கம்மி கம்மின்னு அழறீங்க. கர்த்தர் ஒருநாள் ஜாஸ்தியா குடுத்தா அதுவும் வேணாமா?"

சபை சிரித்தது. கணவர் குழந்தையின் சட்டைப் பொத்தானை ஆராய்ந்தார். எட்வின் ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே வாசித்தார். ஒன்றும் வெடிக்கவில்லை, அதனால் என் பக்கம் சாட்சியும் இல்லை.

3. மறு ஞாயிறு

"ஒண்ணுமே ஆவலையேம்மா! கஸ்டமர் எதிர்ல மானத்தை வாங்கிட்டியே" என்றார் முதலாளி. நிரந்தரம் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். கண்டென்சர் ஒருவேளை தாங்கியிருக்குமோ என்று நானும் வாரம் முழுக்க யோசித்தேன்.

என் தப்பை நிரூபிக்க அடுத்த ஞாயிறு அவரே பட்டறையைத் திறந்து, ஆம்ப்ளிஃபையரோடு மூப்பரையும் வரவழைத்தார். மீட்டர் 252. ஸ்விட்சைப் போட்டார். "பாத்தியா? கம்முனு கீது."

மூன்றாவது நிமிடம் வெடித்தது. கண்டென்சருக்குள் இருந்த ஈரக் காகிதச் சுருள் முதலாளியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"நல்லவேளை சார், சர்ச்சுல வெடிக்கல" என்றார் மூப்பர். "என் பேரு போட்டிருக்கு."

முதலாளி கண்ணாடியைத் துடைத்தார். "கார்டுல கையெழுத்து யாருது?"

"என்னுது சார்."

"இனிமே பாத்துப் போடு."

'இனிமே' என்றதால் வேலை நிரந்தரம் என்று புரிந்துகொண்டேன்.

மறுபடி சுற்றினோம். ரெக்டிஃபையர் வால்வு திரும்பி வந்தது. பிரைமரியில் 190, 210, 230, 250 என்று நான்கு டேப் எடுத்து, வரும் வோல்டேஜுக்குத் தக்கபடி மாற்ற ஒரு ஸ்விட்ச் வைத்தேன். இருப்பதில் பெரிய எண் என்பதால் மூப்பர் அதை 250-லேயே வைத்துவிட்டார். ஞாயிறுக்கு அதுதான் சரி. நான் விளக்கம் சொல்லவில்லை.

அதன்பின் பட்டறையில் ஞாயிறு டெஸ்ட் கட்டாயமானது. அந்தப் பொறுப்புக்கு மிகவும் தகுதியானவள் என்று என்னையே நியமித்தார்கள்.

தங்கைகளே, டெஸ்ட் கார்டில் வோல்டேஜுக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதுங்கள். கணக்கு இடித்தால் கையெழுத்துக்கு முன்பே இரண்டாம் தடவையும் சொல்லுங்கள். சபை நடுவே எழுந்து நடப்பதைவிட அது சுலபம். சுலபமாகத்தான் இருக்க வேண்டும்.