பைப்புக்கடைக்காரர் வீட்டுக் காதுகுத்து

சின்னமனூர் கடைவீதியில் நான் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு விழா, எல்லாம் என் கையால்தான் வெளியே போகும். ஊரில் நடக்கப்போவது எனக்கு ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்துவிடும். செத்தவர்கள் விஷயத்தில் மட்டும் ஒரு மணி நேரம் தாமதம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு சும்மா இருக்கத் தெரியாதது என் பிறவிக் கோளாறு. "ஒங்களுக்கு சாமியே வந்து வரம் குடுத்தாலும் ஆதார் கார்டு இருக்கான்னு கேப்பீக" என்பாள் என் மனைவி.

வியாபாரம் படுத்த வருஷம் அது. ஏலக்காய் விலை இறங்கி, மலையில் தோட்டம் வைத்திருந்தவர்கள் கையைச் சுருட்டிக்கொண்டார்கள். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சையை வெட்டினால் வெட்டுக்கூலிக்குக்கூடக் காணாது என்று பந்தலிலேயே விட்டுவைத்தார்கள். இதெல்லாம் பேப்பரில் வருவதற்கு முன்னாலேயே என் கடையில் தெரிந்துவிட்டது. தடித்த அட்டையில் பத்திரிகை அடித்த குடும்பங்கள் மெல்லிசுத் தாளுக்கு இறங்கின. பிறந்தநாள் பிளெக்ஸ் நின்றே போனது. 'இக்கடை வாடகைக்கு விடப்படும்' என்ற பலகைக்கு மட்டும் ஆர்டர் குறையவில்லை. போன் நம்பரை மட்டும் மாற்றி மாற்றி ஒரே டிசைனைப் பல பேருக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆடிக் கடைசியில், என் கடைக்கு அடுத்த கடை வைத்திருந்த பைப்புக்கடைக்காரர் உள்ளே வந்தார். சொட்டுநீர்க் குழாய், மோட்டார், பிவிசி பைப் விற்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அண்ணே, ஆவணியில சின்னவளுக்குக் காது குத்துறோம். மண்டபம் பிடிச்சாச்சு, கறி விருந்து. பத்திரிகை ஐநூறு போடுங்க" என்றார்.

"மூத்தவளுக்கு வீரபாண்டிக் கோயில்ல வச்சு சத்தமில்லாம முடிச்சீகளே தம்பி?"

"இவளுக்குக் கொஞ்சம் பெருசா செய்யணும்ணே. ஒரு சோலி இருக்கு."

என்ன சோலி என்று கேட்டேன். "முடியட்டும், சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் விசேஷம் என்பது சாப்பாடு போடுவது மட்டும் இல்லை. வருஷக்கணக்காக ஊரார் வீட்டுக்கெல்லாம் செய்த மொய், நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். வங்கி இழுத்தடிக்கிற காலத்தில் கடைக்கு முதல் போட்டவர்கள், லாரி வாங்கியவர்கள், கிணறு வெட்டியவர்கள் எல்லாரும் அதை வைத்துத்தான் செய்தார்கள். ஆனால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு தடவை ஊரைக் கூப்பிட்டால், அடுத்து கூப்பிட நாலைந்து வருஷமாவது போக வேண்டும். அதற்குள் கூப்பிடுகிற வீட்டைப் பார்த்து ஊர் புருவத்தைத் தூக்கும். பைப்புக்கடைக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன் தை மாதம்தான் வீடு குடிபுகுந்து ஊரைக் கூப்பிட்டிருந்தார். அந்தப் பத்திரிகையும் என்னிடம் அடித்ததுதான். என் கம்ப்யூட்டரில் இன்னும் கிடந்தது.

எவன் எப்படிக் கூப்பிட்டால் எனக்கென்ன என்று இருந்திருக்கலாம். இருக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது. கடையைப் பெரிதாக்க அவர் வாங்கிய வங்கிக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். என் மனைவிக்குத் திடீரென்று மயக்கம் வந்து விழுந்த அன்று, தேனி ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனவர் அவர். அடுத்த மாதம் ஜாமீன் படிவத்தை நீட்டினார். என் மனைவி பக்கத்தில் நிற்கிறாள். எப்படி மாட்டேன் என்பது? போட்டேன். போட்ட நாளிலிருந்து தூக்கம் போனது. அவர் ஓடினால் அந்தக் கடன் என் மெஷின் மேலும் என் வீட்டின் மேலும் வந்து விழும். எனக்கு இரண்டு பெண்கள், ஒருத்திதான் கரையேறியிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அந்தக் கடையைப் பார்த்த பார்வையில் என் வேலையே கெட்டது. வாசலில் சாத்தி வைத்திருக்கும் பைப் கட்டுகள் குறைந்திருந்தன. மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஒரு டெம்போ வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு வருசநாட்டுப் பக்கம் போனது. போன் வந்தால் அவர் எழுந்து கடைக்குப் பின்னால் போய்ப் பேசினார். அவர் வீட்டுக்காரம்மா சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்தேன், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. சரக்கை நகர்த்திவிட்டார், நகையை முடித்துவிட்டார், மொய்யையும் வாரிக்கொண்டு ஒரேயடியாகக் கம்பியை நீட்டப்போகிறார்.

வீட்டில் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள் என் மனைவி. "சந்தேகமா இருந்தா அவருகிட்டயே கேளுங்க. இல்ல, பேங்குல போயிக் கேளுங்க."

இரண்டையும் நான் செய்யவில்லை. அவரிடம் கேட்டால் உஷாராகிவிடுவார். வங்கியில் கேட்டால், ஜாமீன்காரனே பயப்படுகிறானே என்று மேனேஜர் உஷாராகி அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொள்வார். என் புத்தி அப்படித்தான் ஓடியது. ஊர்க் கண் அவர் மேல் விழுந்தால் போதும், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனும் ஓட முடியாது என்று நினைத்தேன்.

கடைவீதி வியாபாரிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. எந்தத் தெருவில் கரண்ட் இல்லை, யார் தவறிவிட்டார், எந்த வீட்டில் விசேஷம், எல்லாம் அதில்தான் வரும். பத்திரிகைகளை அதில் போடுவது என் வேலை. அவரே சொல்லியிருந்தார், "குரூப்புல போட்ருங்கண்ணே, எல்லாத்துக்கும் நேர்ல கொண்டுபோயிக் குடுக்க முடியாது" என்று.

ஒரு புதன்கிழமை காலை, கடைகள் திறந்து எல்லாரும் போனை நோண்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, முதலில் அந்தப் பழைய குடிபுகு விழாப் பத்திரிகையைப் போட்டேன். உடனே பின்னாலேயே காதுகுத்துப் பத்திரிகையைப் போட்டேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நின்றன. தேதிகளைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

இரண்டு நிமிஷம் கழித்துப் பழையதை அழித்தேன். அழித்ததுதான் இன்னும் மோசம். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி காதுகுத்துப் பத்திரிகையின் தலைமேல் உட்கார்ந்துகொண்டது. பார்க்காதவர்களும் பார்த்தவர்களிடம் என்னவென்று கேட்டார்கள்.

பைப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பழசும் வந்துச்சு போல" என்றார்.

"கை தவறிருச்சு தம்பி. எடுத்துட்டேன்" என்றேன்.

"சரிண்ணே" என்றார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. அரிசிக்கடைக்காரர் டீ குடிக்க வந்தவர் மாதிரி வந்து, "அவருக்கு ஜாமீன் நீங்கதானாமே?" என்றார். ஜவுளிக்கடைக்காரர், "ரெண்டாவது தடவை கூப்பிடுறாருன்னா தண்ணி கழுத்துக்கு வந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் மூடியைத் திறந்துவிட்டவன்.

காதுகுத்து அன்று மண்டபத்துக்குப் போனேன். குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. அண்டா அண்டாவாகக் கறி. பதினொரு மணிக்கு இரண்டாம் பந்தி நிரம்பி வழிய வேண்டும். முதல் பந்தியிலேயே பாதி இலை காலி. அவர் வாசலில் கையைக் கூப்பியபடி ரோட்டைப் பார்த்து நின்றார். பஸ் நிற்கும்போதெல்லாம் இரண்டடி முன்னால் போய், திரும்பி வந்தார். வரவேண்டியவர்கள் பலர் வரவில்லை. வந்தவர்களும் செய்ய வேண்டியதில் பாதிதான் செய்தார்கள், திரும்பி வராத இடத்தில் எதற்கு முழுசாகச் செய்வது என்று. நானும் பாதிதான் செய்தேன். மிச்சம் விழுந்த கறியைச் சாயங்காலம் ஒரு அநாதை இல்லத்துக்கு ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரசரவென்று சரிந்தது. மதுரையில் அவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்துவந்த வியாபாரி ரொக்கம் கேட்டார். பைப்புக்கடைக்காரருக்குப் பாக்கி தரவேண்டிய விவசாயிகள், ஓடப்போகிறவனுக்கு எதற்குக் கொடுப்பது என்று கையை இறுக்கிக்கொண்டார்கள். ஐப்பசிக் கடைசியில் ஷட்டர் இறங்கியது. 'இக்கடை வாடகைக்கு விடப்படும்' என்ற பலகையை அந்தக் கட்டடத்துக்காரர் என்னிடம்தான் அடித்தார்.

ஆனால் அவர் ஓடவில்லை. தேனியில் ஒரு மோட்டார் கடையில் சம்பளத்துக்குப் போனார்.

மார்கழியில் வங்கியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். "இவ்வளவு நாள் கட்டாதவனை ஏன் விட்டு வைத்தீர்கள்?" என்று சத்தம் போட்டேன். அதிகாரி ஒரு சின்னப் பையன் மாதிரி இருந்தார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"சார், ஆவணி வரைக்கும் ஒரு தவணைகூட அவரு தவறல. அஞ்சாம் தேதின்னா அஞ்சாம் தேதி. இந்தக் கடைவீதியில ஒழுங்கா கட்டுனது அவரு ஒருத்தருதான். வியாபாரம் இல்லாத மாசம் வீட்டு நகையை நம்ம பேங்குலயே வச்சு, அந்தப் பணத்தை அப்படியே இந்தக் கடனுக்குத்தான் கட்டுனாக."

அந்தக் கழுத்தைத்தான் நான் நோட்டம் விட்டிருந்தேன். இனி மீதித் தவணை நான் கட்ட வேண்டும் என்று அதிகாரி சொன்னார். கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது குளிர்ச்சி.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். மடித்த ரூபாயை நீட்டினார். "தவணையில பாதிதான்ணே இருக்கு. மீதிய நீங்கதான் போடணும். என்னால ஒங்களுக்குச் சிரமம்."

வாங்கிக்கொண்டேன். பேச்சுக்குப் பேச்சு, அந்தச் சோலி என்னவென்று அன்றைக்குத்தான் சொன்னார். "நீங்க ஜாமீன் போட்டுட்டுத் தூங்காம கெடக்கீகன்னு மதினி ஒருநா சொன்னாக. எனக்கு மனசு கேக்கல. மொய் வந்தா அந்தக் கடனை மொத்தமா அடைச்சு, ஒங்களை விடுவிச்சு, பேப்பரைக் கையில குடுக்கலாம்னு இருந்தேன். டெம்போவுல வருசநாட்டுப் பக்கம் போன சரக்குகூட கடமலைக்குண்டுல ஒருத்தருக்குக் கடனுக்குக் குடுத்ததுதான். அவருட்டருந்தும் காசு வரல."

அவர் போன பிறகு, சாப்பாடு கொண்டுவந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அதிலிருந்து மாதா மாதம் வருகிறார். ஒரு மாதம்கூட விடவில்லை. வரும்போதெல்லாம் நான் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். கை தவறிவிட்டது என்று நான் சொன்னதை நம்பினாரா, இல்லையா? நம்பாதவர் எதற்காக வருகிறார்? நம்பியவர் என்றால் அந்தப் புதன்கிழமையைப் பற்றி ஏன் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை? முன்னால் கடனை நினைத்துத் தூங்காதவன், இப்போது இதை நினைத்துத் தூங்கவில்லை. சந்தேகம் என்னைவிட்டுப் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

போன மாதம் வந்தவர் பணத்தை நீட்டி, வழக்கம்போல "ஒங்களுக்குத்தாண்ணே சிரமம்" என்றார். வாங்கிய பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்.

"தம்பி, அந்தப் பழைய பத்திரிகை கை தவறி வரல. நான்தான் வேணும்னே போட்டேன்."

அவர் முகம் மாறவில்லை. "தெரியும்ணே."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. அதுக்கு முந்தி ஒரு வாரமா என் கடையவே எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தீகள்ல."

"பெறகு எதுக்கு தம்பி இங்கன வந்து குடுக்குறீக? நான் செஞ்ச காரியத்துக்கு நானே கட்டிட்டுப் போறேன்."

"எவனும் கையெழுத்துப் போடாதப்ப நீங்க போட்டீகண்ணே. அது வேற, இது வேற."

தலையைக் குனிந்தபடி ரூபாயைச் சட்டைப்பையில் வைக்கப் போனேன். அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"எண்ணிப் பாத்துக்கங்கண்ணே."

"என்னாத்துக்குத் தம்பி, வேணாம்."

"இல்லண்ணே. எண்ணிருங்க."

இத்தனை மாதத்தில் அவர் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒவ்வொரு நோட்டாக அவர் முன்னால் எண்ணினேன். சரியாக இருக்கிறது என்று நான் வாயால் சொல்லும் வரை நின்றுவிட்டு, தேனி பஸ்ஸுக்குப் போனார்.